செய்யாற்றில் நின்ற அரிசி வண்டி

எண்பதுகளில் ஆப்பிரிக்காவில் கடும் பஞ்சம் என்று செய்தி வந்தபோது, உத்திரமேரூரில் எங்கள் இளைஞர் மன்றம் நிவாரணத்துக்காக ஊர் ஊராக அரிசி திரட்டியது. மைக் பிடித்தவன் நான். வேறு எதற்கும் லாயக்கில்லை என்பது மன்றத்தின் ஏகமனதான முடிவு.

மாகறலில் ஆற்றோரக் கழனியில் கூலி நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா, "ஆப்பிரிக்கா இன்னா உன் மாமியார் வூடா? எங்க பசிக்கு எவன்டா மைக்கு கட்னான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது, குறுக்குவழி என்று மாட்டுவண்டியைச் செய்யாற்றில் இறக்கச் சொன்னேன். வண்டிக்காரர் மேற்கே கறுத்த வானத்தைக் காட்டினார். அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். நடு ஆற்றில் சக்கரம் புதைந்தது, வெள்ளம் ஏறியது. நீச்சல் தெரியாத நான் மைக்கிலேயே அலறினேன்.

முதலில் ஆற்றில் இறங்கியவர் கன்னியம்மா. பின்னாலேயே கழனியில் இருந்த அத்தனை பேரும். மார்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, மூட்டைகளைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கரைசேர்த்தார்கள். மாடுகளையும் மீட்டார்கள். கடைசி மூட்டை நான்.

"திட்னியேக்கா?" என்றேன் நடுங்கியபடி.

"உன்னத்தான் திட்னேன். பசிக்கிறவன் சோத்த ஆத்துல வுட்ருவாங்களா?" என்றார், புடவையைப் பிழிந்துகொண்டே.



இப்போது சுற்றுவழியானாலும் பாலத்தில்தான் போகிறேன். எந்த ஊரில் நிதி திரட்டினாலும் மைக்கை முதலில் அந்த ஊர்க்காரரிடம் கொடுக்கிறேன். அவர்கள் பசியைச் சொல்லி முடித்த பிறகுதான் ஆப்பிரிக்கா.