ஒரு சுரம் அதிகம்

திருப்பதியில் சாயங்காலம் ரிசப்ஷன் கச்சேரி. எனக்குக் கீபோர்டு, சித்தப்பா மகன் முரளிக்கு டிரம்பெட். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஐந்து கோடு போட்டுக் கையால் எழுதிய மெட்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எழுதியிருப்பதை ஆப் தானே வாசித்துக் காட்டும். கல்யாண மெட்டுக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல் ஒரு சுரம் அலறியது.

தாளைப் பார்த்தேன். கோடுகளுக்கு இடையில் காய்ந்துபோன பழுப்புப் பொட்டு. ஆப் அதையும் சுரமென்று படித்திருக்கிறது.

அந்தப் பொட்டு விழுந்தபோது எனக்கு எட்டு வயது. சித்தூரில் எங்கள் வீடு முழுக்கப் பித்தளை பாலிஷ் நாற்றம் அடிக்கும். நைனாவின் பேண்டை விட்டு வேறு செட்டுக்குப் போகவிருந்த சித்தப்பா இந்த நோட்டைக் கேட்டு வந்தார்.

"நோட்ட குடுத்துடுண்ணா."

"என்னைக் கொன்னுட்டு எடுத்துக்கினு போ," என்றார் நைனா.

சித்தப்பா கையிலிருந்த டிரம்பெட்டாலேயே அடித்தார். அதன் விளிம்பு நைனாவின் புருவத்தைப் பிளந்தது. அடுத்த அடியில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. டிரம்பெட் வளைந்த பிறகும் அடித்தார். நைனா நோட்டின் மேல் கவிழ்ந்து விழுந்தார், ஆனால் பிடியை விடவில்லை. அம்மா அரிவாள்மணையோடு ஓடி வந்த பிறகுதான் சித்தப்பா வாசலைத் தாண்டினார். நைனாவின் வலது கண் அன்றோடு போயிற்று.

"இன்னாக்கா, ஒரு நோட் எக்ஸ்ட்ராவா வந்துக்கினு கீது? அழிச்சிடட்டா?"

முரளியின் விரல் திரையில் அந்தப் பொட்டின் மேல் இருந்தது. அன்றைக்கு அவன் பிறக்கவே இல்லை.

"கைய எடுடா," என்றேன். "அது உங்கப்பன் எழுதினது."