டிஸ்கில் இடமில்லை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். எண்பதுகளின் கடைசியில், பிரான்சில் வேலை பார்த்த அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது தன்னுடைய பழைய பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குப் பிரெஞ்சு வராது. அண்ணனைத்தான் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். திரையில் எது வந்தாலும் நான் "ப்பா" என்று கத்த வேண்டும். மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சர்க்கார் உத்தரவைப் போல நின்றபடியே படிப்பார்.

"எடமில்லயாம்மா."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கிறுகிறுத்தது. டிஸ்கில் பாதிக்கு மேல் அண்ணனுடைய விளையாட்டுகள். கார் ஓட்டுவது, விமானம் ஓட்டுவது, டென்னிஸ் ஆடுவது. அவன் போய் ஒரு வருஷமாகியும் ஒருவரும் அவற்றைத் திறந்ததில்லை. அவற்றை அழிக்கலாமா என்று கேட்டால் அப்பாவின் பதில் மாறவே மாறாது. "அண்ணன் சாமான்ல கை வைக்காத." மிச்சமிருந்த மூலையில்தான் நான் காலாப்பட்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கொடுத்துவிட்டுப் போன பிளாப்பிகள் கடல் காற்றில் பூஞ்சை பிடித்துவிட்டன. எதையும் வெளியே எடுத்து வைக்க வழியில்லை.

அந்த மாதம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டி சும்மா கிடக்கிறதாம், பொங்கலுக்கு வரும்போது மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வைத்திருக்கும் தன் மச்சானுக்குக் கொடுத்துவிடப் போவதாக அண்ணன் போனில் சொல்லியிருந்தான். சும்மாவா கிடக்கிறது? என் விரல் தேய்கிறதே! அப்பாவிடம் சண்டை போட்டேன். "நெலையா வேல வரட்டும். அப்ப அவங்கிட்ட பேசறேன்" என்றார். அந்த நிலையான வேலை கையெட்டும் தூரத்தில் இருந்தது. கடல் மீன்களைப் பற்றிய ஓர் ஆய்வேடு. திங்கட்கிழமை அது பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தால் துறையின் டைப் வேலை முழுவதையும் எனக்கே தருவதாக அங்கிருந்த பேராசிரியை வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த மாணவருக்கோ நிலையான புத்தி கிடையாது. இன்று வெட்டச் சொன்னதை நாளை மறுபடி சேர்க்கச் சொல்வார். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அத்தியாயத்தைப் புது எண் போட்டுத் தனியாகச் சேமித்து வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது வளர்ந்தது, டிஸ்கும் பிதுங்கியது.

வெள்ளிக்கிழமை கடைசித் திருத்தத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். மாணவர் ஒரு வரி விடாமல் பார்த்து, ஒருவழியாகச் சரி என்றார். ஓரங்களைத் திருத்தி நல்ல தாளில் அடிப்பதுதான் பாக்கி. வீடு திரும்பினால் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எடம் பண்ணிட்டேம்மா. நீ செய்றத பாத்து நானே செஞ்சிட்டேன்."

"எத அழிச்சீங்க?"

"நகலெல்லாம் அழிச்சிட்டேன். அசல் பத்திரமா இருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒன்றாம் எண் மட்டும் இருந்தது. பிழை மலிந்த, மாணவர் பாதிக்குமேல் அடித்துப் போட்ட, முதல் முதலாக நான் அடித்த ஒன்று. மேரியில் அசல் பீரோவுக்குப் போகும், நகல்கள் வருஷக் கடைசியில் அடுப்புக்குப் போகும். அசலுக்குத்தான் மரியாதை. ஆயுள் முழுக்க அதைச் செய்தவர், பின்னால் வந்ததெல்லாம் நகல் என்று நினைத்துவிட்டார்.

நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "உங்க புள்ள வெளையாட்டு மட்டும் இருக்கணும், என் வேல மட்டும் போவணுமா?" என்று கேட்டேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். அவர் நல்லதென்று நினைத்துச் செய்தது தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே என் பையிலிருந்த அச்சடித்த தாள்களை எடுத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் படிக்கறேன். நீ அடி."

சனியும் ஞாயிறும் அப்படித்தான் போயின. அப்பாவின் இங்கிலீஷ் பிரெஞ்சுப் பள்ளியில் வளர்ந்த இங்கிலீஷ். 'டேபிள்' என்பது அவர் வாயில் 'தாப்ல்' ஆகிவிடும். கமா வரும் இடத்தில் 'வீர்குல்' என்பார். மீன்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் செய்துவைத்தது போல அவற்றின் லத்தீன் பெயர்களை மட்டும் கணீரென்று வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். "ரெண்டு பேரும் அந்தப் பெட்டியயே கட்டிக்கினு அழுவுங்க" என்று அம்மா சோற்றுத் தட்டுகளை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிறு சாயங்காலம், கடைசி அத்தியாயத்தைச் சேமிக்கப் போனபோது திரையில் அதே வரி வந்தது. அது எனக்கே மனப்பாடமாகியிருந்தது. ஆனாலும் அப்பா படித்தார்.

"எடமில்லயாம்மா."

கையைத் தூக்கி மேசைமேல் போட்டேன். ஒன்றாம் எண்களை எல்லாம் காலையிலேயே அழித்தாகிவிட்டது. இன்னொரு தடவை எதுவும் போய்விடக் கூடாது என்ற பயத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நாலைந்து பிரதியாகச் சேமித்திருந்தேன், அவற்றில் கை வைக்க மாட்டேன்; வேறு அழிக்க என்னுடையது எதுவும் மிச்சமில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"அண்ணனோடது எங்க இருக்கு?"

காட்டினேன். "அழிக்கறதுக்கு என்ன அடிக்கணுமோ அடி" என்றார். அடித்தேன். நிச்சயமாகத்தானா, வுய்யா நோனா, ஆமாமா இல்லையா என்று பெட்டி பிரெஞ்சில் கேட்டது. நான் விசையில் விரல் வைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நகர்த்தினார்.

"நீ அழுத்தாத. பொங்கலுக்கு வந்து கேப்பான். நாந்தான் அழிச்சேன்னு நான் சொல்லணும்."

"வுய்" என்று வாய்விட்டுச் சொல்லி, அவரே அழுத்தினார்.