டிரெஸ்டனிலிருந்து ட்ரியெஸ்டே: தேனிலவு என்று சொல்லிக்கொண்டு போன பயணம்

டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்யும் வாசகி ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். கணவரும் அவரும் மூன்று நாள் எங்காவது கடலோர ஊருக்குப் போய்வர வேண்டுமாம். மத்தியதரைக் கடல் பக்கம், அதிகம் பிரபலமாகாத ஊராக இருந்தால் நல்லதாம். "நீங்களும் அங்கே இருந்தவர்தானே, எங்கே போனீர்கள்?" என்று கேட்டிருந்தார். இத்தாலியில் இருக்கும் ட்ரியெஸ்டே போனோம், 1974 அக்டோபரில். அதைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. உல்லாசப் பயணக் குறிப்பு தேடி வந்தவர்கள் கடைசிப் பகுதிக்கு முன்னால் உள்ள பத்தியை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் ஜனவரியில்தான் பாளையங்கோட்டையில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கணவர் ஜேக்கப் அப்போது டிரெஸ்டனில் பௌதிகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனி இரண்டாக இருந்த காலம். டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. எங்கள் இந்திய பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினால் மேற்கு நாடுகளுக்குப் போய்த் திரும்பலாம். எதிர்வீட்டு ஹெண்ட்ஷெல் தம்பதியால் முடியாது. ஓய்வு பெறும் வயது வரவேண்டும். பெண்ணுக்கு அறுபது, ஆணுக்கு அறுபத்தைந்து. மனைவி ஃப்ராவ் ஹெண்ட்ஷெலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

ட்ரியெஸ்டேயில் ஓர் ஆய்வு மையம் ஜேக்கப்பை ஒரு நாள் உரையாற்ற அழைத்திருந்தது. தங்கும் செலவு அவர்களுடையது. கிழக்கு ஜெர்மனியின் பணமான மார்க்குக்கு வெளியே மதிப்பில்லாததால் இப்படி ஓர் அழைப்பு இல்லாமல் நாங்கள் போயிருக்கவே முடியாது. "உரை ஒரு நாள், மிச்சம் ரெண்டு நாள் நமக்கு. இதையே ஹனிமூன்னு வச்சுக்குவோம்" என்றார் ஜேக்கப். அனுமதி முத்திரைகளுக்கு மட்டும் இரண்டு மாதம் அலைந்தோம்.

இந்தச் செய்தி கேட்டு ஃப்ராவ் ஹெண்ட்ஷெல்தான் எங்களைவிட அதிகம் சந்தோஷப்பட்டார். காற்று அடிக்கும் ஊர், கம்பளிக் காலுறை எடுத்துக்கொள் என்றார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு என்னை எல்ப் ஆற்றங்கரைக்கு நடக்கக் கூப்பிட்டார். பழுப்பு நிலக்கரிப் புகை ஆற்றின்மேல் தாழ்ந்து கிடந்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மேற்கு ஜெர்மனியில், மூனிச்சில் தன் மகள் இருப்பதாகச் சொன்னார். பெயர் காரின். ஆறு வருடம் முன்பு பல்கேரியாவுக்கு விடுமுறை போனவள் அங்கிருந்தே மேற்குக்குத் தப்பிவிட்டாள், திரும்பவில்லை. கடிதம் வரும், ஆனால் அரசு ஆட்கள் பிரித்துப் படித்த பிறகுதான் வரும்.

"எல்லாக் கடிதத்திலும் நன்றாக இருக்கிறேன் என்றே எழுதுகிறாள். வெயில் அடித்தது, கேக் செய்தேன் என்று. ஆறு வருடமும் ஒருத்தி நன்றாகவே இருப்பாளா? நீ கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார். காரினின் தொலைபேசி எண்ணை எனக்கு மனப்பாடம் செய்யவைத்தார். பாலம் வரும்வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நடந்தோம்.

ஜேக்கப்புக்குப் பிடிக்கவில்லை. ஓடிப்போனவர்களைப் பார்ப்பது அந்த நாட்டில் சின்ன விஷயமல்ல. ஆனாலும், "ஒரு போன் பண்ணுறதுல என்ன ஆகிடப் போவுது" என்று அவரே சொல்லி முடித்தார்.

காலையில் டிரெஸ்டனில் ஏறினால் ப்ராக் வழியாக இரவு வியன்னா. எல்லையில் ரயிலை நிறுத்திப் பெட்டிக்கு அடியிலெல்லாம் விளக்கடித்துப் பார்த்தார்கள். வியன்னா நிலையத்திலிருந்து காரினைக் கூப்பிட்டேன். அம்மா அனுப்பியதாகச் சொன்னேன். வியன்னாவிலேயே சந்திக்கலாமா, அது உங்களுக்குப் பக்கம்தானே என்று கேட்டேன். "வேண்டாம், ட்ரியெஸ்டேக்கே வருகிறேன். எனக்கும் ஒருமுறை கடலைப் பார்க்க வேண்டும்" என்றார்.

மறுநாள் வியன்னாவிலிருந்து ட்ரியெஸ்டே வர ஒரு பகல் முழுக்க ஆனது. மலைகளைத் தாண்டும்வரை மழை. உதினேவுக்குப் பிறகு வலப்பக்கம் உட்கார்ந்தால் திடீரென்று கடல் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஊரில் இறங்கினால் நிற்கவிடாத காற்று. போரா என்று பெயர். சில சரிவான தெருக்களில் மக்கள் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள்.

ஜேக்கப்பின் உரை முடிந்து, ஊரில் எங்கள் மூன்றாம் நாள் காலை பெரிய சதுக்கத்துக்கு அருகில், கடலுக்குள் நீண்டுபோகும் கல் துறையில் காரினைச் சந்தித்தோம். முப்பத்தொரு வயது என்று தெரியும். ஐம்பது சொல்லலாம் போலிருந்தது. தலையில் இறுக்கிக் கட்டிய துணி. கோட் வேறொருவருடையதைப் போல் தொங்கியது. காற்றில் அவரால் நிற்க முடியவில்லை. நானும் ஜேக்கப்பும் இரண்டு பக்கமும் பிடித்துப் பக்கத்துக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனோம்.

மார்பில் புற்றுநோய், எலும்புக்குப் போய்விட்டது என்று அவரே சொன்னார். வசந்தம் வரை இருக்கலாம் என்கிறார்களாம்.

"அம்மாவிடம் நான் குண்டாகிவிட்டேன் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் சிரிப்பாள்" என்றார்.

"உங்கள் அம்மா வர அனுமதி கேட்கலாமே? குடும்பத்தில் கடும் நோய் என்றால் சில சமயம் கொடுக்கிறார்களாம்" என்றேன்.

"ஓடிப்போனவளின் அம்மாவுக்கா? நான் போனதற்கே அப்பாவை ட்ராம் பணிமனையில் மேற்பார்வையாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள். கேட்டால் கிடைக்காது. கேட்டாள் என்பது மட்டும் எங்கேயோ எழுதிவைக்கப்படும். சொல்லாதீர்கள், தயவுசெய்து."

ஜேக்கப் சரி என்று தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. காரின் அதைக் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சன்னலோரம் திரும்பி உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிய ரயிலில் அவரை ஏற்றிவிட்டோம். எங்கள் தேனிலவில் மிச்சமிருந்த அரை நாளில் மிராமாரே என்ற வெள்ளைக் கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். உள்ளே என்ன பார்த்தோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பும் ரயிலில்தான் சண்டை.

"அவ சொல்லாதீங்கன்னு கெஞ்சுனா. அவ உசுரு, அவ முடிவு" என்றார் ஜேக்கப்.

"அந்தம்மா கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுன்னுதான் அனுப்புனாங்க. பொய் சொல்லவா போனோம்? பெர்மிஷன் கிடைக்குமா கிடைக்காதான்னு அவங்களே கேட்டுப் பாக்கட்டும். பிள்ளை செத்தப்பொறம் தெரிஞ்சா என்னத்துக்கு?"

"கேட்டா, உனக்கு எப்படித் தெரியும்னு அவங்கள்ட்ட கேப்பாங்க. நம்ம பேருதான் வரும், ஸ்டெல்லா. எனக்கு தீசிஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

 

டிரெஸ்டனில் மாடி ஏறி வந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஃப்ராவ் ஹெண்ட்ஷெலோடு மூவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். அவருடைய கணவர் ஹெர் ஹெண்ட்ஷெல் வேலையில் இருந்தார். "அழகான ஊர்" என்று ஆரம்பித்த ஜேக்கப் அதோடு நிறுத்திக்கொண்டார். நான் சொன்னேன். நோயின் பெயர், எங்கே பரவியிருக்கிறது, வசந்தம் என்ற வார்த்தை, சொல்லாதீர்கள் என்று காரின் கேட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ராவ் ஹெண்ட்ஷெல் அழவில்லை.

"முடி?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். அவர் கை தானாகத் தன் தலைக்குப் போனது. கொஞ்சதூரம் நடந்த பிறகு, "நாளைக்கே போய் அனுமதி கேட்பேன். யார் சொன்னது என்று கேட்டால் கடிதம் வந்தது என்பேன்" என்றார்.

அப்போதுதான் ஜேக்கப் வாயைத் திறந்தார். "கடிதமெல்லாம் அவர்கள் படித்துவிட்டுத்தானே தருகிறார்கள்? அப்படி ஒன்று வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். என் பெயரைச் சொல்லுங்கள். நான் பார்த்தேன் என்று சொல்லுங்கள்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் முறை அனுமதி மறுக்கப்பட்டது. மூனிச் மருத்துவரின் சான்றிதழை வரவழைத்து மறுபடி கேட்டார். பிப்ரவரியில் ஐந்து நாளுக்குக் கிடைத்தது, அவருக்கு மட்டும். மனைவி திரும்பி வருவதற்குக் கணவர் பிணை என்பதுபோல் ஹெர் ஹெண்ட்ஷெல் டிரெஸ்டனிலேயே இருக்க வேண்டும். அந்த ஐந்து நாளும் அவர் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார். ஃப்ராவ் ஹெண்ட்ஷெல் சொன்ன நாளில் திரும்பி வந்தார். காரின் தன்மேல் கோபப்படவில்லை, சொல்லிவிட்ட என்மேல்தான் கொஞ்சம் கோபம் என்றார். மார்ச்சில் காரின் இறந்தார். அடக்கத்துக்கு மறுபடி அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. இரண்டரை வருடம் கழித்து ஹெர் ஹெண்ட்ஷெலுக்கு அறுபத்தைந்து ஆனதும் அவரை மூனிச் போக விட்டார்கள். கல்லறையைப் பார்த்துவிட்டு வந்ததாக எங்கள் ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

ஊருக்கு என்றேனே, ஆமாம், அதற்குள் நாங்கள் இந்தியா திரும்பியிருந்தோம். பல்கலைக்கழகத்தில் ஜேக்கப்பைக் கூப்பிட்டு ட்ரியெஸ்டேயில் யாரைப் பார்த்தாய் என்று மரியாதையாகவே கேட்டார்கள். அவரும் மரியாதையாகவே சொன்னார். அந்தக் கோடையில் உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. ஆராய்ச்சி பாதியில் நின்றது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றார்.

இனி வாசகி கேட்டதற்கு வருகிறேன். ட்ரியெஸ்டே போங்கள், தம்பதிகளுக்கு ஏற்ற ஊர்தான். மே, ஜூன் நல்லது. அக்டோபருக்குப் பிறகு போரா காற்றை நம்ப முடியாது. ஒரே மூச்சில் போகாமல் வியன்னாவில் ஒரு இரவு தங்குங்கள், உடம்பு தாங்கும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தால் மேடு ஏற வேண்டாம். மிராமாரேக்கு டவுன் பஸ் போதும், இறங்கிக் கடலோரமாகக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜேக்கப் போய் நான்கு வருடம் ஆகிறது. உடம்பு முடியாமல் படுத்திருந்த நாட்களில் ஒருமுறை அவரிடம் கேட்டேன். "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடைச்சிருக்குமே. டாக்டர் பட்டம் வாங்கியிருப்பீங்க."

"கிடைச்சிருக்கும்" என்றார். "ஆனா அந்த ரெண்டு வருஷமும் தெனமும் அந்தம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தானே போவணும்."