கங்காணி வாங்காத கருவாடு

நம் வீட்டில் கருவாடு ஏன் இல்லை என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. தலைச்சுற்றல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

"ரத்தக்குழாய் கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு. நெஞ்சுக்கு ஆபத்து. உப்பு, கருவாட்டை விட்டுரு" என்றார்.

நான் நம்பவில்லை. ஊரிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு ஆளெடுத்தபோது முகாமில் உடம்பைப் பார்த்துத்தானே சிலரைக் கப்பலேற்றாமல் திருப்பினார்கள்? எங்களை வேலை வாங்கும் கங்காணி சொல்லிக்கொடுத்து, என்னையும் வேலைக்கு ஆகாதவனென்று ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

"காத்தடிச்சாங்களாமே மச்சான், நீ என்ன சைக்கிள் சக்கரமா?" என்று பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரன் சிரித்தான். வீம்புக்குக் கருவாடு வாங்கப் பதுளைக் கடைக்குப் போனேன். அங்கே கங்காணி நின்றிருந்தார். கடைக்கார நானா கருவாட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"வேணாம் நானா. எனக்கும் அந்தப் பட்டையைச் சுத்திட்டாங்க."

கங்காணி கருவாட்டைத் திருப்பித் தள்ளினார். டாக்டர்மீது சந்தேகம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.