துறைமுகத்தில் ஒரு பிள்ளை குறைந்தது

வகுப்பறைக்குச் சுவர் இருப்பது எத்தனை பெரிய வசதி என்பது, பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியருக்கே தெரியும். அத்துன்பம் அறிந்தவர்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் நான் பட்டதைக் கேளுங்கள்.

யானை ஏறிய துறை

யாழ்ப்பாணத் தீவான காரைநகரிலிருந்து என் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றி, எதிர்க்கரையான ஊர்காவற்றுறைக்குக் கொண்டு சென்றேன். நடந்து பார்த்தாலன்றிச் சரித்திரம் மனத்தில் தங்காது என்பது என் கொள்கை. துணைக்கு வந்த சக ஆசிரியை தங்கம்மா ரீச்சருக்கோ கடலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். கடலில் தெரிந்த கோட்டையைக் காட்டிவிட்டு, இடிந்த மதிலொன்றின் அருகே நின்று, போர்த்துக்கேயர் இத்துறையில் யானைகளைக் கப்பலேற்றிய வரலாற்றை விளக்கினேன். வள்ளத்தில் வாந்தியெடுத்திருந்த செல்வராணி கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், யானையளுக்கும் சத்தி வந்திருக்குமோ?"

பிரிக்காத பார்சல்

பகலுணவுக்குப் பூவரச மரத்தடியில் அமர்ந்தோம். செல்வராணியின் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கப்படாமல் கிடந்தது, அவளைக் காணவில்லை.

இறங்குதுறையின் ஓரமெல்லாம் பாசி படிந்த கல். கீழே இழுக்கும் நீர். பிள்ளைகள் பார்க்க ஆசிரியர் ஓடக்கூடாது, ஆகவே நடந்தேன். வைத்தியசாலை வாசல், தேவாலய வளவு, வலை உலரும் வெளி எங்கும் தேடினேன். கண் மட்டும் தண்ணீருக்கே திரும்பியது. பத்திரமாகக் கொண்டுவந்து விடுவேன் என்று அவள் தாய்க்கு வாக்களித்தவள் நான். தங்கம்மா ரீச்சர் அழத் தொடங்கினார்.

"அக்கா, கோட்டையைப் படத்திலை காட்டுவம் எண்டு நான் அப்பவே சொன்னனான்!"

சோளகம்

பிற்பகலில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று மூண்டது. நீரின் நடுவே நின்ற ஒல்லாந்தர் கோட்டையின் அடியில் அலை வெள்ளையாக உடைந்தது. இனித் தாமதித்தால் எவரையும் அக்கரை சேர்க்க இயலாது என்றார் வள்ளக்காரர். மற்றப் பிள்ளைகளைத் தங்கம்மா ரீச்சருடன் ஏற்றிவிட்டு, நான் தனியே நின்றேன். கயிற்றை அவிழ்த்தவர், பிள்ளைகளுக்குக் கேளாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், பொலிசுக்குச் சொல்லுறீங்களோ, தண்ணிக்குள்ளை தேடச் சுழியோடிறவங்களைக் கூப்பிடுறீங்களோ?"

தூக்குச் சட்டி

வள்ளம் பாதித் தூரம் போனபின், வீடுகளுக்கிடையே ஓடிய ஒழுங்கையிலிருந்து செல்வராணி வந்தாள். எண்ணெய் தடவிப் பின்னிய தலை, மல்லிகைச் சரம், வயிறு நிறைந்த முகம். பின்னால் தூக்குச் சட்டியுடன் அவளுடைய மாமி, தகப்பனாரின் தமக்கை. துறையில் மருமகளைக் கண்டவர், கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், உலை வைத்து, கணவாய்க் கறியோடு சோறு கொடுத்திருக்கிறார். ஊருக்கு வந்த உறவுப்பிள்ளை சாப்பிடாமல் திரும்பினால் அது எங்கள் தீவுகளில் குடும்பத்துக்கே அவமானம். ஆசிரியருக்கு ஒரு சொல் சொல்வது எவருக்கும் தோன்றாது.

"சொல்லிவிட்டுக் கூட்டிச் செல்லத் தெரியாதா?" என்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொந்த மாமி வீட்டை வாறதுக்கு ஆரிட்டைக் கேக்கிறது? உமக்கும் முகம் வாடிப்போச்சு. இந்தாரும், சாப்பிடும்."

இரண்டு பஸ்

கண்ணெதிரே தெரிந்த காரைநகருக்கு, யாழ்ப்பாணம் சுற்றி இரண்டு பஸ் ஏறி, இருட்டும் வேளையில் போய்ச் சேர்ந்தோம். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி நெடுகச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். தாய் படலையைத் திறந்தார்.

"தங்கம்மா ரீச்சர் வந்து அழுதவ. நான் பயப்பிடேல்லை. மாமியின்ரை ஊரிலையெல்லே துலைஞ்சவள்?"

அதன்பின் சுற்றுலாவுக்கு வரும் பிள்ளையிடம் நீந்தத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. போகும் ஊரில் மாமி இருக்கிறாரா என்றே கேட்டேன்.