அக்காவின் நீலம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. புதுச் சாயம் வந்தால், முதலில் எங்கள் கன்னத்தின் உட்பக்கத்தைப் பல்குச்சியால் சுரண்டிக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, அதில்தான் போட்டுப் பார்ப்போம். எலி செல்லை வீணாக்கினால் சார் கத்துவார். எங்கள் எச்சிலைக் கேட்க நாதியில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே டெக்னீஷியன். ஒருநாள் டாப்பி என்று நாங்கள் கூப்பிடும் சாயம் வந்திருந்தது. செல்லின் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். என் கன்னம் ஏற்கெனவே சுரண்டிச் சுரண்டிப் புண்ணாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, நான் மறந்துவிட்டு வந்த டிபன் டப்பாவோடு அக்கா வந்து நின்றாள். புடவைக் கடையில் அவளுக்கு மத்தியானம்தான் வேலை.

“வாயைத் தொற” என்றேன்.

“எதுக்குடி, பாயாசம் ஊத்தப் போறியா?”

எதற்கென்று சொன்னதும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். “ச்சீ, இன்னும் சரியா பல்லுகூட வெளக்கலடி. இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

சாயம் போட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, ஓரத்தை நெயில் பாலிஷால் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் காய்ந்துவிடும். நிறமில்லாத பாலிஷ்தான் போடலாம். கலர் பாலிஷ் அந்த ஒளியில் தானும் மின்னித் தொலைக்கும். அன்று எங்கள் பாட்டில் காலி. அக்கா கைப்பையிலிருந்து தன் பாலிஷை எடுத்து நீட்டினாள். நல்ல குங்குமச் சிவப்பு. எனக்கும் பசி, அவசரம். பூசிவிட்டேன்.

சார் பார்த்துவிட்டு, “ஏனம்மா, ஸ்லைடுக்குக் கல்யாணமா?” என்றார். அந்த வாரம் முழுக்க எல்லாரும் என்னை ஓட்டினார்கள். எரிச்சலில் அதை அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜின் மூலையில் போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, “அம்மா, என் செருப்பை எடுத்து வெச்சுக்கோ” என்று சொன்னாள். எங்களை வெளியே உட்காரவைத்தார்கள். அப்புறம் போர்த்தித்தான் கொண்டுவந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். “உள்ள போறப்ப பேசுனா. வெளிய வர்றப்ப பேசல. நடுவுல என்னா ஆச்சுன்னு யாரு பாத்தா?” போய்விட்டாள் என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. அக்காவின் கடை மூடும் நேரமானால் வாசல் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். போட விடமாட்டாள். கதவு காற்றில் அசையும்போதெல்லாம் எனக்கும் செருப்புச் சத்தம் கேட்கும். பயந்தேன். வந்துவிட்டால் நல்லதுதானே என்றும் தோன்றும்.

ஆய்வுக்கூடத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் அந்தச் சின்னப் பொட்டலம் இருக்கும். தொடமாட்டேன். ஒளி பட்டால்தான் அந்தச் சாயம் ஒளிரும். பட்டுக்கொண்டே இருந்தால் வெளுத்துவிடும். பார்க்கப் பார்க்கப் போய்விடும். யாருடைய ஸ்லைடைப் பார்த்தாலும், கறுப்பில் நீலப்புள்ளிகள் தெரிந்ததும் கண்ணை எடுத்துவிடுவேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு சாயங்காலம் திறந்த கதவு வழியாகத் தெருநாய் புகுந்து பால் பாத்திரத்தை உருட்டிவிட்டது. கத்தினேன். “அவ வரமாட்டாம்மா! மிச்சம் இருக்கறது எங்க லேப் ஃப்ரிட்ஜுலதான் இருக்குது!”

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். “என்னா இருக்குது?”

சொல்லவேண்டியதாகிவிட்டது. பார்த்தால் அழிந்துவிடும் என்றும் சொன்னேன்.

“பாக்காம வெச்சு ஊறுகாயா போடப் போற? என்னைக் கூட்டிட்டுப் போ.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். மைக்ராஸ்கோப் அறையில் கறுப்புத் துணித் திரை, பகலிலும் கும்மிருட்டு. தாளைப் பிரித்ததும் அம்மா விரலால் ஓரத்தைத் தொட்டாள். “அவ பாலிஷ்டி.” விளக்கைப் போட்டு, அது சூடாகக் காத்திருந்தோம்.

அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒளியை மறைக்கும் தகட்டைத் திறந்தேன்.

“முடி தெரியுது.”

“அது உன் இமைம்மா. கண்ணை நல்லா வை. சீக்கிரம்!” குமிழைத் திருகித் திருகிக் காட்டினேன்.

அம்மாவின் உடம்பு அசையாமல் நின்றது. “ஏய்... நீலமா... அய்யோ, எத்தனை! பாப்பா...” அக்காவுக்கு வீட்டில் அதுதான் பெயர். அப்புறம் என்னவோ முணுமுணுத்தாள். என்னிடம் இல்லை.

என் கை தகட்டின் மேலேயே இருந்தது.

“மங்குதுடி.”

“மூடட்டுமா?”

“வேணாம். இரு.”

நான் மூடவில்லை. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். திரைக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

“போய்ட்டா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒளி பட்ட இடம் மட்டும்தாம்மா போச்சு. கொஞ்சம் நகத்தினா பக்கத்துல இருக்கா. காட்டட்டா?”

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அன்னைக்குப் பாக்க விடல. இன்னைக்குப் பாத்துட்டேன். இன்னொருக்கா என்னால ஆவாது. நகத்தாத.”

ஸ்லைடை மறுபடி தாளில் சுற்றி வைத்தேன். அன்று நான் அதில் ஒருதடவைகூடக் கண் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்ததும், அம்மா தானே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். புடவைக் கடை மூடும் நேரம் வந்தது. அம்மா தலை நிமிரவில்லை.

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.