அத்தை குடமெடுத்த நோம்பி

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அவ்வளவு லேசில் புகழ்ந்துவிட மாட்டார்கள். அத்தை மட்டும் விதிவிலக்கு. அப்பாவின் தங்கை அவள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்தாள், லீவு விட்டால் நாகலூர் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவளுடைய பெருமை இரண்டு. சோறு கேட்க மாட்டாள். நோம்பி நாளில் தூரமாக மாட்டாள்.

நோம்பி என்றால் திருவிழா, தூரம் என்றால் மாதவிடாய். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அந்த நாட்களில் பெண்கள் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது. கொல்லைப்புற அறையில் தனித் தட்டு, தனிப் பாய். மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தக்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட எத்தனையோ பேர் சரியாக அன்றைக்குப் பார்த்துத் தூரமாகி, பாயில் உட்கார்ந்து பம்பைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் அம்மா அதில் பேர் போனவள். அத்தைக்கோ எந்த நோம்பியிலும் தடங்கலே வந்ததில்லை. "ஆத்தா இவ மேல ஒரு கண்ணு வெச்சிருக்கறா" என்று லைனே சொன்னது. நானும் நம்பினேன். அந்த வயதில் நான் நம்பாதது கணக்கு டீச்சரை மட்டும்தான்.

அத்தை குடமெடுத்த வருடம், காப்புக் கட்டியதும் குடமெடுப்பவர்களுக்கு ஒரு வேளைச் சோறு என்று ஆயிற்று. மற்றவர்கள் மூன்று வேளைக்கும் சேர்த்து அந்த ஒரு வேளையில் தின்றார்கள். அத்தை பாதி வாழைப்பழத்தோடு எழுந்துவிடுவாள். தொளதொளத்த ஜாக்கெட்டை ஊக்குக் குத்திச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து, "இன்னும் குண்டாத்தான் இருக்கறனா கண்ணு?" என்று என்னைக் கேட்பாள். விரதமென்றால் இதுதான் விரதம் என்று பெரியவர்கள் அவளைக் காட்டி எங்களுக்குப் புத்தி சொன்னார்கள்.

நோம்பியன்று சுனையிலிருந்து குடத்தோடு மேடேறி வந்தவள், கோயில் வாசலில் தள்ளாடினாள். "ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் குலவையிட்டது. பம்பை வேகம் பிடித்தது. குடம் உருள, கையை ஊன்றி விழுந்தாள். பூசாரி வேப்பிலையோடு குனிந்து, என்ன குறை தாயி என்றார். அதற்குள் ஆளாளுக்குக் குறி கேட்க வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி மகனுக்குப் பெண் அமையுமா என்றாள். எஸ்டேட் ரைட்டர் தனக்கு மாற்றல் வருமா என்றார்.

அம்மாதான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து அவளை மடியில் தூக்கினாள். தூக்கியதும் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஏனுங்க, சாமியுமில்லை பூதமுமில்லைங்க! புள்ள மயங்கிக் கெடக்கறா, கை ஒடிஞ்சு தொங்குது. ஜீப்பக் கூப்புடுங்க!"

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இந்த மாதிரி விழுந்ததற்கு எலும்பு இப்படி நொறுங்காதே என்று யோசித்தார். கடைசியாக எப்போது தூரமானாய் என்று கேட்டார்.

"வருசத்துக்கு மேல ஆச்சுங்க" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா அனோரெக்சியா என்று பேர் சொன்னார். குண்டாகிவிடுவோமோ என்ற பயம் மனதைப் பிடித்துக்கொண்டு சாப்பிட விடாமல் செய்கிற நோய். பட்டினி உடம்பில் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு மெலியும், முற்றினால் இதயமே நின்றுவிடலாம். மிரட்டினால் தீராது, மனதுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார். அப்பா மிரட்டித்தான் பார்த்தார். அம்மா அப்பாவை மிரட்டி நிறுத்தினாள்.

பிறகு வருடம் முழுக்கச் சேலத்துக்கும் நாகலூருக்கும் பஸ்தான். ஒரு இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு அத்தை அழுவாள். தட்டு காலியாகும் வரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். சில நாள் இட்லி ஜெயிக்கும், சில நாள் அம்மா.

அடுத்த நோம்பிக்கு, விரதமெல்லாம் வேண்டாம், மாவிளக்குத் தட்டு மட்டும் எடுக்கட்டும் என்று பூசாரியே சொன்னார். அன்று காலை அத்தை அம்மாவின் காதில் எதையோ சொன்னாள். அம்மா ஓவென்று அழுதாள், சிரித்தாள், சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு லைன் முழுக்க ஓடினாள். அத்தை தூரமாகிவிட்டாளாம்! கொல்லைப்புற அறையில் பாய் விரித்து, உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுத்தாள். வெளியே பம்பை முழங்க, அத்தை உள்ளே களியை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். மாவிளக்கு வீணாகக் கிடக்கிறது, இவர்களுக்கு என்ன கொண்டாட்டம் வேண்டிக்கிடக்கிறது? ஆத்தா அத்தையைக் கைவிட்டுவிட்டாள் என்று, வாய் நிறையச் சர்க்கரையோடு தேம்பித் தேம்பி அழுதேன்.